பிளக் பொருந்தினால் மைக் பொருந்திவிடுமா?

கேள்வி: டொரன்டோவில் ட்ரக் ஓட்டுகிறேன். ட்ரக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் சிபி ரேடியோ ஒன்று, கோப்ரா கம்பெனியின் பழைய 29 மாடல், மைக் இல்லாமல் வாங்கினேன். நண்பர் கொடுத்த வேறு கம்பெனி மைக்கின் நாலு பின் பிளக் கச்சிதமாக உட்காருகிறது. ஆனால் ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. ரேடியோ கெட்டுவிட்டதா?

பதில்: அநேகமாக இல்லை. இந்த ரேடியோவில் மைக்கைக் கழற்றினாலே ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். மைக்கில் உள்ள பேசும் பட்டனை அழுத்தாதபோது 4-வது பின் 1-வதோடு சேர்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் கேட்கும். அழுத்தினால் 3-வது பின் 1-வதோடு சேரும், நீங்கள் பேசலாம். 2-வது உங்கள் குரல். நண்பரின் மைக்கில் வரிசை வேறு, அவ்வளவுதான்.

ஆன்டெனா மாட்டியிருக்கட்டும். மைக்கைக் கழற்றி, சாக்கெட்டில் 1-ஐயும் 4-ஐயும் ஒரு துண்டுக் கம்பியால் இணையுங்கள். ட்ரக்காரர்கள் பேசும் சானல் 19-ல் யாராவது பேசுவது கேட்டால் ரேடியோ நலம். இனி நண்பரின் மைக் பிளக்கைத் திறந்து, கம்பிகளை மேலே சொன்ன வரிசைக்கு மாற்றிப் பற்றவைக்க வேண்டும். பின்களை பிளக்கின் முன்பக்கம் பார்த்து எண்ணினால் ஒரு வரிசை, கம்பி பற்றவைக்கும் பின்பக்கம் பார்த்தால் அதன் தலைகீழ். பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

அப்புறம், கம்பியின் நிறத்தை நம்பாதீர்கள். மல்டிமீட்டரை, இரண்டு கம்பி சேர்ந்திருந்தால் சத்தம் போடும் பீப் நிலையில் வையுங்கள். பட்டனை விட்டிருக்கும்போது எந்த இரண்டு கம்பி பீப் அடிக்கிறது, அழுத்தும்போது எந்த இரண்டு என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் வருவது 1-க்கு. விட்டபோது வந்த மற்றது 4-க்கு, அழுத்தியபோது வந்தது 3-க்கு. மிச்சம் 2-க்கு.

ட்ரக் ஸ்டாப் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். 'எல்லா ரேடியோவுக்கும் பொருந்தும்' என்று, குரலை எதிரொலிக்க வைக்கும் எக்கோ மைக்கைத் தலையில் கட்டுவார்கள். மைக் மாற்றினால் ரேடியோவைத் திறந்து ட்யூன் பண்ண வேண்டும் என்பார்கள். வேண்டாம். அப்படித் திறந்து திருகிக் கெடுத்த ரேடியோக்கள் என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன. அமெரிக்காவில் சிபிக்கு இத்தனை சானல், இத்தனை வாட் என்றெல்லாம் விதி போட்டார்கள். இத்தனைக்கும் விதி போட்டவர்களுக்கு நாலே நாலு பின்னுக்கு ஒரு வரிசை சொல்லத் தோன்றவில்லை!

ஒன்று மட்டும் கவனம். மைக் எலக்ட்ரெட் வகையாக இருந்தால் அதற்கு ரேடியோவிலிருந்து மின்சாரம் வர வேண்டும். பிரசிடென்ட் என்ற இன்னொரு சிபி கம்பெனியின் ஆறு பின் மைக்குகள் சில இப்படி. கோப்ராவின் நாலு பின்னில் அந்த மின்சாரம் கிடையாது. எப்படி மாற்றிப் பற்றவைத்தாலும், அடாப்டர் போட்டாலும், ரேடியோ ஒலிபரப்பும், குரல் மட்டும் போகாது. பேட்டரி போடும் பவர் மைக் என்றால் கவலையில்லை. நண்பரின் மைக் எலக்ட்ரெட் என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு, கோப்ராவுக்கென்றே வரும், மின்சாரம் கேட்காத சாதாரண டைனமிக் மைக் ஒன்றை வாங்குங்கள்.