பிள்ளை சொன்னதை எங்கே சொல்வது?

அன்புள்ள அக்கா,

பெயரும் ஊரும் போட வேண்டாம், மட்டக்களப்புப் பக்கம் என்று மட்டும் இருக்கட்டும். என் தங்கைக்கும் கணவருக்கும் விவாகரத்து வழக்கு நடக்கிறது. மருமகளுக்கு எட்டு வயது. மாவட்ட நீதிமன்றத்தின் இடைக்காலக் கட்டளைப்படி ஒவ்வொரு வெள்ளியும் பின்னேரம் பொலிஸ் நிலையத்தில் வைத்து அவளைத் தகப்பனிடம் கொடுக்கிறோம். ஞாயிறு அங்கேயே திருப்பி எடுக்கிறோம். கொஞ்ச நாளாக வெள்ளி வந்தாலே அழுகிறாள். போன கிழமை முதுகில் அடித்த அடையாளம் இருந்தது. கேட்டால் 'அங்க அடிச்ச' என்கிறாள், வேறு ஒன்றும் சொல்கிறாள் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டு அவளைப் பேசவைத்து போனில் வீடியோ எடுத்திருக்கிறோம். சட்டத்தரணியோ, 'இப்ப இதை எடுத்தால் தாய் சொல்லிக்கொடுத்தது என்று திருப்பிவிடுவார்கள், விடுங்கள்' என்கிறார். ஊர்ப் பெரியவர்கள் கோயிலில் வைத்துப் பேசித் தீர்ப்போம் என்கிறார்கள். என்ன செய்வது?

ஒரு தாய்மாமன்

அன்புள்ள தம்பி,

சட்டத்தரணி சொல்லும் பயம் நியாயமானதுதான். தாய்மார் பிள்ளைகளின் மனதைக் கெடுத்துத் தகப்பனை வெறுக்கவைக்கிறார்கள் என்ற வாதத்துக்கு அமெரிக்க மனநல மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர் 1985இல் ஒரு நோயின் பெயரையே சூட்டிவிட்டார். அன்றிலிருந்து பல நாட்டு நீதிமன்றங்களில் பிள்ளை 'அடித்தார்' என்று சொன்னால் சொன்ன பிள்ளையையும் தாயையுமே சந்தேகிக்கும் பழக்கம் வளர்ந்தது. 2023இல் ஐநாவின் சிறப்பு அறிக்கையாளர் ரீம் அல்சலேம் இந்த வாதத்தைக் கண்டித்து மனித உரிமைகள் பேரவைக்கு அறிக்கை கொடுத்தார். பென்சில்வேனியாவில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, தகப்பனிடம் போய்வர நீதிமன்றம் அனுமதித்திருந்த நேரத்தில் 2018இல் அவராலேயே கொல்லப்பட்டாள். அவளுடைய பெயரில் அமெரிக்காவில் 2022இல் சட்டம் வந்தது. அவள் தாய் முன்கூட்டியே எச்சரித்தவர் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆகவே பேசாமல் இருக்காதீர்கள். ஆனால் இப்போது பேசிக்கொண்டிருக்கும் விதத்தை மாற்றுங்கள். முதலில் அந்த வீடியோ வேலையை நிறுத்துங்கள். மாமா கேட்டு, அம்மம்மா கேட்டு, பிறகு கமராவுக்கு முன்னால் வைத்து இன்னொரு தடவை கேட்டால், எட்டு வயதுப் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்லும். எதிர்த் தரப்புச் சட்டத்தரணியின் முதல் கேள்வியே 'இதை யார் கேட்டது, எத்தனை தடவை கேட்டது' என்பதாக இருக்கும். 'சொல்லிக்கொடுத்தது' என்ற வாதத்துக்கு நீங்களே சாட்சி தயாரித்துக் கொடுக்கிறீர்கள். அவளாகச் சொன்ன சொல்லை, அவள் சொன்ன மாதிரியே, திகதியும் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதும் போட்டு ஒரு கொப்பியில் எழுதினால் போதும். 'அங்க அடிச்ச' என்றால் அப்படியே எழுதுங்கள். 'தகப்பன் அடித்தார்' என்று நீங்கள் திருத்தி எழுத வேண்டாம். கடிதத்தில் நான் கவனித்தது இதைத்தான்: யார் அடித்தது என்று பிள்ளை சொல்லவேயில்லை.

நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போவதால், பிரிந்த ஆண் பெரும்பாலும் தன் தாய் வீட்டுக்குத்தான் திரும்பிப் போகிறார். அந்த வீட்டில் அப்பப்பா இருக்கலாம், சித்தப்பா இருக்கலாம், வந்துபோகும் கூட்டாளிகளும் இருக்கலாம். தகப்பனே அடித்திருக்கலாம், அல்லது தகப்பன் வேலைக்குப் போன நேரத்தில் வேறு ஒருவர் அடித்திருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. மச்சான்மாருக்கிடையில் இருக்கும் பழைய கோபத்தோடு நீங்கள் விசாரிக்கப் போனால் இதெல்லாம் கலங்கிவிடும்.

யாருடைய வேலை? பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பிரிவில் முறைப்பாடு போடுங்கள். போட மறுத்தால் அல்லது இழுத்தடித்தால் 1929க்கு எடுங்கள், அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம். அடையாளம் மங்குவதற்கு முன் பிள்ளையைப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கைக்கு இருக்கும் பெறுமதி உங்கள் போனில் இருக்கும் எந்தப் படத்துக்கும் இல்லை. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், நன்னடத்தை உத்தியோகத்தரும் இருக்கிறார். வகுப்பு ஆசிரியையிடமும் போங்கள். திங்கட்கிழமைகளில் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் உங்கள் சொந்தக்காரர் இல்லை என்பதால் அவர் சொல்லுக்குக் கனம் அதிகம்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தை மனைவிமாருக்கான சட்டம் என்றே நினைக்கிறோம். பிள்ளைக்காகவும் தாய் மனுப் போடலாம். அது நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். அவசரமென்றால் 14 நாள் வரைக்கும் இடைக்காலக் கட்டளை கிடைக்கும், விசாரித்த பிறகு 12 மாதம் வரைக்கும் பாதுகாப்புக் கட்டளை கிடைக்கும். ஆனால் நீதவான் நீதிமன்றத்தில் நடப்பது மாவட்ட நீதிமன்றத்துக்குத் தானாகத் தெரியாது. ஒரே வளவுக்குள் இரண்டு கட்டடம் இருந்தாலும் கடிதம் நடந்து போகாது. முறைப்பாட்டின் பிரதி, கட்டளையின் பிரதி எல்லாவற்றையும் விவாகரத்து வழக்கில் உங்கள் சட்டத்தரணிதான் சேர்க்க வேண்டும். (காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கத்திலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு: முஸ்லிம்களுக்கான காதி நீதிமன்றம் தாபரிப்புப் பார்க்கும், பிள்ளை யாரிடம் இருப்பது என்பதைப் பார்க்க அதற்கு அதிகாரம் இல்லை. நீங்களும் மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் வர வேண்டும்.)

மாவட்ட நீதிமன்றத்தில் என்ன கேட்பது? 'தகப்பனைப் பார்க்கவே விட வேண்டாம்' என்று தொடங்காதீர்கள். இரவு தங்குவதை நிறுத்தி, நன்னடத்தை உத்தியோகத்தர் போன்ற ஒருவர் முன்னிலையில் மட்டும் சந்திக்க விடும்படி கேளுங்கள். பொலிஸ் நிலையத்தில் வைத்து ஒப்படைக்கும் ஏற்பாடு தாயும் தகப்பனும் சண்டை பிடிக்காமல் இருக்கத்தான் உதவும். வெள்ளி இரவிலிருந்து ஞாயிறு வரைக்கும் பிள்ளை யார் கண்ணில் இருக்கிறாள் என்பதை அது கேட்பதேயில்லை. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, பிள்ளைகள் சம்பந்தப்பட்ட எந்த விடயத்திலும் பிள்ளையின் நலனே முதன்மை என்று நீதிமன்றங்களையும் சேர்த்தே சொல்கிறது. நம் நாட்டில் ரோமன் டச்சுச் சட்டத்தின்படி தகப்பனுக்கு முன்னுரிமை என்ற பேச்சு இன்னும் வரும். அந்த உரிமையும் பிள்ளையின் நலனுக்குக் கீழேதான். சட்டத்தரணிக்கு இது தெரியும், எழுதும்படி நீங்கள் வற்புறுத்த வேண்டும்.

வரும் வெள்ளிக்கு முன் இது நடக்க வேண்டும். கட்டளை இருக்கும்போது பிள்ளையைச் சும்மா கொடுக்காமல் விட்டால் நீதிமன்ற அவமதிப்பு உங்கள் மேலேயே வரும். முறைப்பாடும் வைத்தியப் பரிசோதனையும் முடித்து, நகர்த்தல் பத்திரம் போட்டு வழக்கைத் தவணைக்கு முன்னமே அழைப்பித்திருந்தால் கதை வேறு.

பொய் முறைப்பாடு போடுகிறவர்களும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. சொந்தத்தில் யாராவது வந்து 'அடித்தது என்றால் கோட்டில் எடுபடாது, இன்னும் பெரிதாக ஏதாவது சேர்த்துச் சொல்லு' என்று தங்கைக்கு யோசனை சொல்லலாம். அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அடித்தது என்றால் அடித்தது மட்டும்தான். தாபரிப்புக் காசு வரவில்லை என்ற கோபத்தையும் இதற்குள் கொண்டுவர வேண்டாம், அதற்கு வேறு வழக்கு இருக்கிறது.

கோயிலில் கூடும் பெரியவர்களிடம் வீட்டையும் நகையையும் பற்றி வேண்டுமானால் பேசுங்கள். பிள்ளையின் முதுகைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் வேண்டாம். 'ஒருதரம் நடந்தது, இனி நடக்காது' என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கித் தருவார்கள். அந்தத் தாளே பிறகு உங்களுக்கு எதிராக நிற்கும்.

உங்கள் சட்டத்தரணி அசையவே மாட்டேன் என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்துக்குப் போய் இன்னொருவரிடம் கேளுங்கள். எடுத்த வீடியோவை அழிக்க வேண்டாம், அப்படியே சட்டத்தரணியிடம் கொடுங்கள். குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.