ரோமின் பழைய ஒளிப்படங்களில் தொல்சின்னங்களுக்குள் கடைகள் தெரிவது ஏன்?

அந்தக் கட்டடங்கள் அன்று வேலியிட்டுக் காக்கப்பட்ட காட்சிப்பொருள்களாக இல்லாமல், மக்கள் புழங்கும் இடங்களாகவே இருந்தன என்பதுதான் காரணம். இதற்கு மார்செல்லஸ் அரங்கத்தைவிடச் சிறந்த சான்று இருக்க முடியாது. ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் கட்டி முடிக்கப்பட்ட இந்த நாடக அரங்கம் இடைக்காலத்தில் பிரபுக் குடும்பங்களின் கோட்டையானது. பின்னர் 16ஆம் நூற்றாண்டில், பல்தாசாரே பெருஸ்ஸி என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி, அதன் மேற்பகுதி மாளிகையாக மாறியது. 19ஆம் நூற்றாண்டுப் படங்களில், தரைமட்டம் உயர்ந்ததால் பாதி புதைந்த கீழ்த்தள வளைவுகளுக்குள் கடைகளும் பட்டறைகளும் இருப்பதைத் தெளிவாகக் காணலாம்.

இப்படங்களில் தெருக்கள் வெறிச்சோடித் தெரிந்தால் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. 1850களில் ரோமில் படமெடுத்த ஒளிப்படக் கலைஞர் ராபர்ட் மெக்பெர்சன் போன்றோர் பயன்படுத்திய, படம் பதியும் கண்ணாடித் தகடுகளுக்கு நீண்ட நேரம் ஒளி தேவைப்பட்டதால், கல் பதிந்தது. நடந்து சென்ற மனிதர் பதியவில்லை.

கி.பி. 609ஆம் ஆண்டிலிருந்து தேவாலயமாக விளங்கும் பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலின் முகப்பில் 17ஆம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்ட இரண்டு மணிக்கூண்டுகளையும் அக்காலப் படங்களில் பார்க்கலாம். அவை 1883இல் இடிக்கப்பட்டன. மார்செல்லஸ் அரங்கத்தின் கடைகளும் 1920களில் தொடங்கிய பணிகளின்போது அகற்றப்பட்டுவிட்டதால், அங்கு நடந்த அன்றாட வாழ்வுக்கு இந்தப் படங்களை விலைமதிப்பற்ற சாட்சியாகவே நான் கருதுகிறேன்.