ஸ்க்ரூ கம்ப்ரசர் கணக்கீடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எண்ணெய் செலுத்தும் ஸ்க்ரூ கம்ப்ரசருக்கு (உறைக்குள் இரு திருகு வடிவ ரோட்டார்கள் சுழன்று காற்றை அமுக்கும் இயந்திரம்) நான் எழுதிய கணினி மாதிரியில் வெளியேறும் வெப்பநிலை சோதனை அளவோடு 2 டிகிரிக்குள் ஒத்துப்போகிறது, திறன் (இயந்திரத்தை ஓட்டத் தேவைப்படும் பவர்) மட்டும் 10 சதவீதம் குறைவாக வருகிறது. பிழை எங்கே இருக்கும்?

பதில்: வெப்பநிலை ஒத்துப்போவதை மாதிரி சரியென்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கிலோ காற்று 35 டிகிரி செல்சியஸில் நுழைகிறது, அதனுடன் 8 கிலோ எண்ணெய் 60 டிகிரியில் செலுத்தப்படுகிறது, காற்றின் ஒவ்வொரு கிலோவுக்கும் 300 கிலோஜூல் வேலை செலவாகிறது என்று கொண்டு ஆற்றல் சமன்பாட்டைப் போட்டுப் பாருங்கள். எண்ணெயின் தன்வெப்பம் காற்றினுடையதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என்பதால், விடை சுமார் 76 டிகிரி வரும். அதே வேலையை 330 ஆக உயர்த்தினாலும் வெப்பநிலை 78 டிகிரியைத் தாண்டாது. அதாவது, வேலையில் நேர்ந்த 10 சதவீதப் பிழையை எண்ணெய் முழுவதுமாக விழுங்கிவிடுகிறது. ஆகவே சோதனையோடு ஒப்பிட வேண்டியவை முறுக்குவிசையும் காற்றின் அளவும்தான். வாய்ப்பிருந்தால் உறையில் அழுத்த உணரிகளைப் பொருத்தி, சுழற்சிக் கோணத்துக்கு எதிரான அழுத்தத்தையும் ஒப்பிடுங்கள். ரோட்டார்களுக்கும் உறைக்கும் இடைப்பட்ட அறைக்குள் வாயு மீது நடக்கும் வேலையை மட்டும் கணக்கிட்டுவிட்டு, எண்ணெய்ப் படலத்தின் இழுவையையும் பேரிங் உராய்வையும் சேர்க்க மறப்பது இந்தத் துறையில் அடிக்கடி காணும் குறை. மோட்டார் இழப்பும் குளிர்விப்பு விசிறியும் அடங்கிய மின்னளவோடு ஒப்பிட்டிருந்தால் வேறுபாடு இன்னும் பெருகும்.

கேள்வி: கசிவுப் பாதைகளில் எதை முதலில் கவனிப்பது?

பதில்: இரு ரோட்டார்களும் ஒன்றோடொன்று பொருந்தும் கோட்டை. அங்கே உயரழுத்த அறையிலிருந்து காற்று நேரே உறிஞ்சும் பக்கத்துக்குத் திரும்புவதால், கிடைக்கும் காற்றின் அளவு குறைகிறது. புளோ ஹோல் (இரு ரோட்டார்களும் உறையும் சந்திக்கும் இடத்திலுள்ள சிறு இடைவெளி) வழியாகவும் ரோட்டார் முனைகள் வழியாகவும் கசிவது பெரும்பாலும் அடுத்த அறைக்கே போகிறது. அதனால் திறன்தான் வீணாகும். கசிவு அழுத்த வேறுபாட்டைப் பொறுத்ததேயன்றி வேகத்தைப் பொறுத்து அதிகம் மாறாது. எனவே விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) கொண்டு வேகத்தைக் குறைக்கும்போது கசிவின் பங்கு கூடுகிறது.

கேள்வி: உள் கன அளவு விகிதம் (அறை மூடும்போதுள்ள கன அளவை, வெளியேற்று வாய் திறக்கும்போதுள்ள கன அளவால் வகுத்த எண்) 4.5 உள்ள இயந்திரத்தை 10 பாரில் ஓட்டினால் இழப்பு எவ்வளவு?

பதில்: அளவி காட்டும் 10 பார் உண்மையில் 11 பார் தனி அழுத்தம் (வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தது) என்பதை முதலில் மாதிரியில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பாலிட்ரோபிக் அடுக்கை (கன அளவு குறையும்போது அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பதைக் குறிக்கும் எண்) 1.25 என்று கொண்டால், வெளியேற்று வாய் திறக்கும் கணத்தில் அறையின் அழுத்தம் ஏறத்தாழ 6.5 பார். அங்கிருந்து 11 பாருக்குத் தாவுவதால் கூடும் வேலை சுமார் 6 சதவீதம். அளவியில் 7 பார் என்றால் அது 1 சதவீதம் மட்டுமே. சிறு பொருத்தமின்மைக்காகக் கவலைப்படத் தேவையில்லை.

கேள்வி: எண்ணெயை இன்னும் குளிர்வித்தால் மின்சாரம் மிச்சமாகுமா?

பதில்: ஏட்டளவில் ஆகும். 8 மடங்கு அமுக்கத்துக்கு, வெப்பமே வெளியேறாத முறை சம வெப்பநிலை முறையைவிட 37 சதவீதம் கூடுதல் வேலை கேட்கிறது. ஆனால் 3000 ஆர்பிஎம் வேகத்தில் ஒரு சுற்றே 20 மில்லி வினாடிதான். அதற்குள் துளிகள் எவ்வளவு வெப்பத்தை வாங்கும் என்பது அவற்றின் விட்டத்தைப் பொறுத்தது. எண்ணெய் குளிர்ந்தால் பாகுத்தன்மையும் இழுவையும் கூடும். ஈரப்பதமோ இன்னும் கறாரான வரம்பு: 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை 8 மடங்கு அமுக்கினால் பனிநிலை (ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) ஏறத்தாழ 67 டிகிரிக்கு ஏறுகிறது. வெளியேறும் வெப்பநிலை அதற்குக் கீழே இறங்கினால் எண்ணெயில் தண்ணீர் சேர்ந்து, மிச்சப்படுத்திய மின்கட்டணம் பேரிங் மாற்றும் செலவில் போய்விடும்.