ஆணியும் அடியும் இல்லாமல் சவாரி மாடு பழக்க ஏலுமா?

ஏலும். நாங்கள் பழக்கினோம்.

வெளிநாட்டில் குதிரைகளை அடிக்காமல் பழக்குகிற காணொளிகளைப் பார்த்துவிட்டு, சவாரி என்கிற வண்டில் பந்தயத்தில் ஓடுகிற எங்கள் மாடுகளுக்கும் அது சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக நீங்களும் ஒரு நாம்பன் (இளங்காளை) சோடி வாங்கியிருப்பீர்கள். கம்பு முனையில் ஆணி வைத்துத் தொடையில் குத்தாமல் சவாரி ஓடாது என்று ஊரில் ஆளாளுக்குச் சொல்லியிருப்பார்கள். எங்களுக்கும் அதைத்தான் சொன்னார்கள்.

எங்கள் இடம் இலங்கையில் முல்லைத்தீவு மாவட்டம், முத்தையன்கட்டுப் பக்கம். 2009இல் போர் நேரம் எல்லோரையும் போல நாங்களும் பட்டியைத் திறந்துவிட்டுத்தான் வெளிக்கிட்டோம். திரும்பி வந்தபோது மாடுகள் காடேறியிருந்தன. எங்கள் குறி இருந்த பசுக்கள் சில அகப்பட்டன. கூடவே காட்டில் பிறந்து ஆளையே அறியாத கன்றுகள். அதில் ஒரு செவலை நாம்பனை ஐயா சவாரிக்கென்று ஒதுக்கினார். ஷெல் காயத்தோடு அவருக்கு மாட்டின் பின்னால் நடக்க ஏலாது. அண்ணன் கொழும்பில். ஆகவே மாட்டோடு நின்றது நான்தான். பெம்பிளைப் பிள்ளை சவாரி மாடு பழக்கிறதோ என்று கேட்டவர்களுக்கு அப்போது நான் பதில் சொல்லவில்லை.

மாட்டுக்கும் குதிரைக்கும் கண் பக்கவாட்டில் இருக்கிறது. நேர் பின்னால் நிற்பது தெரியாது. பின்னால் வந்து தொடுகிற கை அதற்குச் சிறுத்தையின் கைதான். அதனால் எப்போதும் தோள்மூட்டுப் பக்கமாகப் போவேன். அது ஒதுங்கினால் அப்படியே நிற்பேன். தலையைத் தாழ்த்தி மூச்சு விட்டால் நான் ஓரடி பின்வாங்குவேன். மாமா ஒருவர் டொரொன்டோவில் பந்தயக் குதிரை லாயத்தில் வேலை செய்தவர். தொலைபேசியில் அவர் சொன்னது: "கயித்தை இழுக்கிறதில அது ஒண்டும் படிக்காது பிள்ளை. ஒரு அடி வைச்ச உடன தளர்த்திப்போடு. அந்தத் தளர்விலதான் படிக்கும்." உடனே தளர்த்த வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் எதற்காகத் தளர்ந்தது என்று அதற்கு விளங்காது.

மூக்குக் குத்திய பிறகு புண் ஆறும்வரை மூக்குக் கயிற்றைத் தொடவில்லை, கழுத்துக் கயிற்றிலேயே நடத்தினேன். பிறகு பழகின கிழட்டு எருது ஒன்றோடு நுகம் மட்டும் வைத்து நடை. அடுத்தது மரக்குற்றி இழுவை. கடைசியாகத்தான் வெறும் வண்டில், அதுவும் குளக்கட்டுக்குக் கீழே மணல் பாதையில். மிரண்டால் அன்றைய பாடம் முடிந்தது, அவிழ்த்து நிழலில் கட்டிவிடுவேன். மிரண்ட மாட்டின் நெஞ்சிடி பழைய நிலைக்கு வர 20 முதல் 30 நிமிடம் எடுக்கும். அந்த நேரத்தில் அடித்தால் அது உங்களைக் கண்டு பயப்பட மட்டும்தான் பழகும்.

சித்திரைச் சவாரிக்கு ஐயாவின் கூட்டாளி ஒருவர் ஓட்டினார். கம்பை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். முதலாம் இடம் வரவில்லை. ஆனால் திடல் முழுக்க நேராக ஓடி, தொடையில் ஒரு கீறல் இல்லாமல் வந்தது எங்கள் சோடி.

"கடைசி ஓட்டத்துக்கு அடி வேணும்" என்பவர்களுக்கு: 2011இல் சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பந்தயக் குதிரைகளை அளந்து பார்த்தார்கள். கடைசி 400 மீற்றரில் சவுக்கடி விழுந்ததால் வேகம் கூடவில்லை. அடி தொடங்குவதற்கு முன்னைய 200 மீற்றரில்தான் அவை ஆகக் கூடிய வேகத்தில் ஓடின. பிரித்தானியாவில் 2023 முதல் சமதளப் பந்தயத்தில் சவுக்கால் 6 தடவை, தடை தாண்டும் பந்தயத்தில் 7 தடவைதான் அடிக்கலாம், அதற்கு மேல் போனால் தண்டனை. குதிரையும் மாடும் ஒன்றில்லை என்று சண்டைக்கு வரவேண்டாம். மாடு அசை போடும் பிராணி. வயிறு நிறையத் தின்ற கையோடு ஓட்டக்கூடாது என்பதும் தெரியும். சவாரியை நிறுத்தச் சொல்பவளும் அல்ல நான். நிறுத்தச் சொல்வது ஆணியையும் வாலைக் கடிப்பதையும்தான். எங்கள் நாட்டில் மிருகவதைச் சட்டம் 1907இல் எழுதியது, அதில் போட்ட உச்சத் தண்டம் 100 ரூபாய். அதற்குப் பயந்து யார் ஆணியைக் கீழே போடுவார்கள்?

மாட்டை நேசி என்று எங்களுக்கு வகுப்பெடுக்க வருகிறவர்கள் இதற்கும் பதில் சொல்லட்டும். மழைக்காலத்தில் காலபோக நெல் விதைத்தால் மாட்டை வயற்பக்கம் விட ஏலாது. முன்பு காட்டோரத் தரவைக்கு, அந்தப் புல்வெளிக்கு, சாய்த்துக்கொண்டு போவோம். இப்போது அங்கே எல்லைக்கல். ஒரு திணைக்களத்தில் கேட்டால் இன்னொன்றைக் காட்டுகிறார்கள். அங்கே போனால், அது மேய்ச்சல் தரை என்று பதிவில் இல்லையாம். தலைமுறையாக மேய்த்த நிலம் அது. பட்டியில் பாதியை ஐயா விற்றார். லொறியில் ஏற்றியபோது அவர் வெளியே வரவில்லை.

உங்கள் நாம்பன்களுக்கு இரண்டரை வயது ஆகவில்லை என்றால் நுகத்தைத் தொடவே வேண்டாம். வெயில் தாழ்ந்த பிறகு கழுத்துக் கயிற்றில் ஒழுங்கை வழியே நடத்துங்கள், மோட்டார் சைக்கிளும் பள்ளிப் பிள்ளைகளும் பழகட்டும். இரண்டில் எது நிதானமானதோ அதோடு தொடங்குங்கள், மற்றது பார்த்துக்கொண்டு நிற்கட்டும். மூக்குப் புண்ணில் புழு விழுந்தால் மட்டும் பொறுமை காட்டாமல் அன்றைக்கே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.