“ஆளு நிக்க மாட்டேங்காங்க”: நெல்லை முதலாளிகளின் ஐந்து கேள்விகள்

ஒரு மில்லில் 22 வருடம் ஆட்கள் பிரிவைப் பார்த்தவன் நான். இப்போது நம் பக்கத்துக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் ஆலோசனை சொல்கிறேன். கேட்க வருகிற அண்ணாச்சிமார் தொடங்குவது எப்போதும் ஒரே வரியில்தான்: “ஆளு நிக்க மாட்டேங்காங்க.” கொஞ்சம் உட்கார்ந்து பேசினால் ஒவ்வொரு இடத்திலும் காரணம் வேறாக இருக்கிறது. ஐந்து பேர் கேட்டதும், ஒவ்வொன்றுக்கும் நான் சொன்ன பதிலும் கீழே.

எங்கள் இனிப்புக் கடையில் 14 பேர் வேலை செய்கிறார்கள். அல்வா மாஸ்டர் 26 வருடமாக இருக்கிறார், வயதாகிவிட்டது. இரண்டு பையன்களை அவரிடம் விட்டோம். பதம் வருகிற நேரம் பார்த்து அவர்களை டீ வாங்க அனுப்பிவிடுகிறார். கேட்டால் “அது தன்னால வரும் அண்ணாச்சி” என்கிறார். மேலே ஒரு கேமரா வைத்துப் படம் பிடித்துவிடலாமா? (நெல்லை டவுன்)

கேமரா வேண்டாம். அதைப் பார்த்த அன்றே அவர் மனசு விட்டுப்போகும்.

சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பால் எடுப்பதை யாரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். நெய் பிரிந்து வரும்போது துடுப்பின் கனத்தில் தெரிகிற பதம் இருக்கிறதே, அதுதான் அவருடைய ஒரே சொத்து. அதைக் கொடுத்துவிட்டால் அடுத்த மாதம் தனக்கு வேலை இருக்குமா என்று பயப்படுகிறார். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. நான் இருந்த மில்லில் ஒரு மூத்த பிட்டர் இரண்டு பையன்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். ஆறு மாதத்தில் அவரை வீட்டுக்கு அனுப்பினோம். அந்தத் தாளில் என் கையெழுத்தும் உண்டு. அதன் பிறகு அங்கே எந்த மூத்த தொழிலாளியும் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அவரிடம் கடையில் வைத்துப் பேசாதீர்கள், வீட்டுக்குப் போங்கள். கிண்ட முடியாத காலம் வந்தாலும் பதம் பார்க்கிற வேலை அவருக்குத்தான், அதே சம்பளம்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வேலையை விட்டுப் போகும்போது தர வேண்டிய பணிக்கொடையையும் (கிராஜுவிட்டி) அப்போதே பேசிவிடுங்கள். 10 பேருக்குக் குறையாமல் இருக்கிற கடைக்கு அது சட்டப்படியான கடமை. வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்று கணக்கு. அவருடைய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 20,000 ரூபாய் என்றால், 26 வருடத்துக்கு 3 லட்சம் வரும். “எப்படியும் தரத்தானே போகிறோம், இப்போது எதற்கு?” என்று நினைக்காதீர்கள். அவருக்கு அது தெரிந்தால்தான் ராத்திரி தூக்கம் வரும்.

அப்புறம், பையன் தனியாக ஒரு கிண்டு முடித்து, மாஸ்டர் “சரி” என்று சொல்கிற ஒவ்வொரு முறையும் மாஸ்டர் கையில் ஒரு தொகை கொடுங்கள். பையன் தேறினால் தனக்கும் மரியாதை, வருமானம் என்று ஆனால் டீ வாங்க அவரே எழுந்து போவார்.

ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். விற்பனைக்கு வருகிற பெண் பிள்ளைகள் மூன்று மாதத்தில் நின்றுவிடுகிறார்கள். சம்பளம் கூட்டினால் கட்டுப்படியாகாது. (வண்ணார்பேட்டை)

முதலில், இப்போது என்ன செலவாகிறது என்று கணக்குப் போடுங்கள். 1913-ல் அமெரிக்காவில் போர்டு கார் தொழிற்சாலையில் சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க, ஒரே வருடத்தில் 50,000-க்கும் மேல் புது ஆட்களை எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் தினக்கூலியை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கி 5 டாலர் என்று அறிவித்தார்கள், வேலை நேரத்தையும் 9 மணியிலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். ஆட்கள் போகாமல் நிலைத்து நின்றார்கள். உங்களை இரண்டு மடங்கு கொடுக்கச் சொல்லவில்லை. ஒரு பிள்ளைக்கு ரகம், விலை, அளவு பழகவே இரண்டு மாதம் ஆகும். பழகி முடித்ததும் போனால் அந்த இரண்டு மாதச் சம்பளமும் உங்கள் கைநஷ்டம். அதை எந்த நோட்டில் எழுதுகிறீர்கள்?

அடுத்தது நாற்காலி. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஊழியர்கள் உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் திருத்தம் வந்தது. கேரளத்தில் அதற்கும் முன்பே, 2018-ல் கொண்டுவந்துவிட்டார்கள். நான் போய்ப் பார்க்கிற பல கடைகளில் ஸ்டூல் இருக்கிறது, உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முறைக்கிறார். பத்து மணி நேரம் நின்றுவிட்டு, முக்கூடல் பஸ்ஸிலும் நின்றுகொண்டே போகிற பிள்ளை மூன்று மாதம் தாங்கியதே பெரிது. கழிப்பறைக்குப் போக யாரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது என்பதையும் விசாரியுங்கள். உங்களிடம் சொல்லமாட்டார்கள், வீட்டுப் பெண்கள் யாரையாவது கேட்கச் சொல்லுங்கள்.

பங்குனி உத்திரத்துக்கு மொத்த ஆளும் லீவு. அந்த வாரம்தான் ஆர்டர் நெருக்கடியும். என்ன செய்ய? (பேட்டை, லேத் பட்டறை)

பட்டறையைப் பூட்டிவிட்டு நீங்களும் உங்கள் சாஸ்தா கோவிலுக்குப் போய்வாருங்கள்! குலதெய்வத்தை விட்டுவிட்டு இந்த ஊரில் யாரும் லேத்தில் நிற்கமாட்டார்கள், நிற்கவும் கூடாது. தை மாதமே நாளைக் குறித்து, சம்பளத்தோடு விடுமுறை என்று சொல்லிவிடுங்கள். ஆர்டர் கொடுப்பவரிடமும் அப்போதே சொல்லுங்கள். ஊர்க் கொடை, அதாவது அவரவர் ஊர்க் கோவில் திருவிழா, மட்டும் ஆளுக்கு ஆள் மாறும், அதனால் சுவரில் ஒரு காலண்டர் மாட்டி அவரவர் கொடை நாளை அவரவரையே எழுதச் சொல்லுங்கள். ஒருவர் போனால் இன்னொருவர் பார்த்துக்கொள்வதை அவர்களே பேசி முடித்துக்கொள்வார்கள்.

அப்பளத் தொழில். 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்தால்தான் பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். வாங்கிக்கொண்டு நாலு மாதத்தில் வேறு இடத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளலாமா? (கல்லிடைக்குறிச்சி)

கூடவே கூடாது. கொடுத்த பணத்தைச் சொல்லி ஒருவரைப் போகவிடாமல் வைப்பது 1976-ஆம் வருடத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம், மூன்று வருடம் வரை சிறை உண்டு. சட்டத்தை விடுங்கள், அந்த அட்டை இல்லாமல் அந்த அம்மா ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் எப்படிப் போவார்?

விசாரித்துப் பாருங்கள், பலரும் வேலையை விட்டது ஐப்பசி, கார்த்திகையில்தான் இருக்கும். மழையில் அப்பளம் காயாது. எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் அவர்கள் கையில் காசும் வராது. குழுக் கடனுக்கு வாரத் தவணை மட்டும் தவறாமல் வந்து நிற்கும். அந்த நேரத்தில் முன்பணம் தருகிற வேறு யாராவது கூப்பிட்டால் போகத்தான் செய்வார்கள். மழை மாதங்களில் வேலை குறைந்தாலும் வாரத்துக்கு இவ்வளவு உறுதி என்று ஒரு தொகை வையுங்கள். வெயில் காலத்தில் கூலியோடு அதைச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். கூலி கொடுக்கிற நாளைத் தவணை நாளுக்கு முந்தின நாளாக மாற்றுங்கள், இதற்குக் காசு செலவே இல்லை. முன்பணத்தைச் சின்னதாக, ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஒன்று, கொடைக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுங்கள்.

அப்பாவின் ஹார்டுவேர் கடையை இப்போது நான் பார்க்கிறேன். அவர் “ஏல” என்று கூப்பிட்டால் ஓடி வந்தார்கள். நான் “அண்ணே, நீங்க” என்கிறேன், “இருங்க தம்பி” என்று அசையாமல் நிற்கிறார்கள். அப்பா மாதிரியே பேச வேண்டுமா? அவர் கடை ஆட்கள் வீட்டு விசேஷத்தில் முதல் மொய் எழுதுவார், அவ்வளவுதான் வித்தியாசம். (பாளையங்கோட்டை)

“அவ்வளவுதான்” என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் அவர்கள் ஓடி வந்தார்கள். “நீங்க” என்பதை விட்டுவிடாதீர்கள், இந்தக் காலத்துப் பையன்கள் “ஏல”வைப் பொறுக்கவும் மாட்டார்கள். எந்தக் கொத்தனாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பது உங்கள் மூத்த ஆட்களுக்கு மனப்பாடம். கம்ப்யூட்டர் பில் போடுவதற்கு முன்னால் ஒரு மாதம் அவர்களோடு நின்று அதைக் கேட்டு எழுதுங்கள். யாரையும் வாடிக்கையாளர் முன்னால் சத்தம் போடாதீர்கள். ஒழுங்கு என்று ஒன்றை மட்டும் பிடியுங்கள், காலை ஒன்பது மணி என்றால் நீங்கள் எட்டே முக்காலுக்கு ஷட்டர் முன்னால் நில்லுங்கள்.

இன்னொன்று கேட்கிறேன், அப்பா இன்னும் கல்லாவில் உட்காருகிறாரா? உட்காருகிறார் என்றால், நீங்கள் மறுத்த லீவை அவரிடம் வாங்கிக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். அப்பாவிடமே நேராகப் பேசுங்கள். லீவு, முன்பணம் என்று யார் வந்தாலும் “தம்பிட்ட கேளு” என்று ஒரு மாதம் அவர் சொல்லட்டும்.