மடக்குக்கத்தி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சிங்கப்பூர் துவாஸ் கப்பல் பட்டறையில் வேலை. தடித்த கயிறு, நைலான் பட்டை, அட்டைப்பெட்டி எல்லாம் வெட்ட வேண்டும். மலிவாக வாங்கிய இரண்டு மடக்குக்கத்திகளில், திறந்த பிளேடைப் பிடித்து நிறுத்தும் பூட்டு விட்டுப்போய்விட்டது. உறுதியானது எது அண்ணே?

தம்பி, பூட்டு எப்போது விடுகிறது என்று முதலில் பாருங்கள். கயிறு அறுக்கும்போது அழுத்தமெல்லாம் கூர்ப்பக்கம்தான்; பூட்டுக்கு அங்கே வேலையே இல்லை. குத்தும்போதும், நெம்பும்போதும், சிக்கிய பிளேடை முறுக்கி இழுக்கும்போதும்தான் அழுத்தம் முதுகுப்பக்கம் திரும்புகிறது. அப்போது பூட்டு விட்டால் பிளேடு நேராக உங்கள் விரலில் வந்து விழும். நான் கப்பல் சாமான் கிடங்கில் இருந்தபோது ஒரு பையன் பெயின்ட் டின் மூடியைக் கத்தியால் நெம்பினான். ‘டக்’ என்று ஒரு சத்தம்தான் கேட்டது. ஆள்காட்டி விரலின் நடு மூட்டில் எலும்பு தெரிந்தது. பிறகு கத்தியைத் திறந்து பார்த்தால், பிடிக்குள் பஞ்சும் மணலும் அடைந்து பூட்டு பாதிதான் விழுந்திருக்கிறது.

மலிவு கத்திகளில் பெரும்பாலும் லைனர் லாக் இருக்கும். பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு வளைந்து வந்து பிளேடின் அடியைத் தாங்கும். நன்றாகச் செய்திருந்தால் தினசரி வேலைக்குப் போதும், ஆனால் முறுக்கினால் நழுவ வாய்ப்புண்டு. ஃபிரேம் லாக்கில் பிடியின் ஒரு பக்கமே பூட்டாகிறது. இறுக்கிப் பிடித்தால் உங்கள் விரல்களே அதை இடத்தில் வைத்திருக்கும். பேக் லாக்கில் பூட்டு முதுகில் இருக்கும். 1964-இல் வந்த பக் 110 கத்தி இந்த வகையில் புகழ்பெற்றது. சுமார் 200 கிராம் எடை, பையில் கல் கிடப்பதுபோல் இருக்கும். ஆக்சிஸ் லாக்கில் குறுக்கே ஓர் இரும்புத் துண்டு ஓடும், இடக்கைக்காரர்களுக்கும் வசதி. உள்ளிருக்கும் கம்பிச் சுருள் மெல்லியது, எப்போதாவது ஒடியும்.

உங்கள் வேலைக்கு நான் எடுப்பது கோல்ட் ஸ்டீல் நிறுவனத்தின் டிரை-ஆட் லாக். ஆண்ட்ரூ டெம்கோ வடிவமைத்தது. பேக் லாக்கின் நடுவே ஒரு தடுப்பு ஊசி வைத்து, அழுத்தத்தை அதன்மேல் இறக்கியிருக்கிறார். முதல் சில வாரம் மூடக் கட்டைவிரல் வலிக்கும், அப்புறம் பழகிவிடும். கயிறுதான் அதிகம் என்றால் பல் வைத்த பிளேடாக வாங்குங்கள்.

‘கனரகம்’ என்று பெட்டியில் போட்டிருக்கிறதே என்று 4 மி.மீ. தடிப்புள்ள பிளேடு வாங்கிவிடாதீர்கள். ஆப்பு மாதிரி அட்டையைப் பிளக்குமே தவிர வெட்டாது. பெட்டிக்கு 25 மி.மீ. ஒல்ஃபா கட்டரே போதும். மழுங்கிய நுனியை ஒடித்து எறியும் இந்த வகைக் கத்தியை ஜப்பானில் 1956-இல் உருவாக்கினார்கள். சாக்லெட் கட்டியை ஒடிப்பதைப் பார்த்து வந்த யோசனை அது. நெம்புவதற்கு எந்த மடக்குக்கத்தியும் ஆகாது. அதற்குக் கடப்பாரை இருக்கிறது.

உட்லண்ட்சில் இரவு வேலை முடித்துத் தனியாக நடந்து வருகிறேன். தற்காப்புக்குக் கைப்பையில் ஒரு மடக்குக்கத்தி வைக்கலாமா? எது நல்லது?

வேண்டாம் சகோதரி. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. என் மகளும் இரவு வேலைக்குப் போகிறவள்தான். அவளிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் 3 ஆண்டு வரை சிறை, ஆண்களுக்குப் பிரம்படியும் கிடைக்கலாம். காரணத்தை நிரூபிக்க வேண்டியது வைத்திருப்பவர்தான். “தற்காப்புக்கு வைத்திருக்கிறேன்” என்று நீங்களே சொன்னால், அதை ஆயுதமாகத்தான் கொண்டு வந்தீர்கள் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். மிளகுத் தூள் ஸ்பிரேயும் இங்கே தடைதான். தாக்கப்பட்டால் தற்காத்துக்கொள்ளும் உரிமையைத் தண்டனைச் சட்டம் 96-ஆம் பிரிவிலிருந்து தருகிறது. அதற்காகக் கத்தியோடு நடமாட அனுமதி இருக்கிறது என்று அர்த்தமில்லை.

சட்டத்தை விடுங்கள், நடைமுறைக்கு வருவோம். வீட்டில் ஒருமுறை நேரம் பார்த்துச் செய்து பாருங்கள். ஜிப்பைத் திறந்து, துண்டு, பணப்பை, குடை எல்லாவற்றையும் விலக்கி, பையின் அடியிலிருந்து பொருளை எடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது? அதற்குள் எதிரே இருப்பவர் கையைப் பிடித்துவிடுவார். கை நடுங்கும்போது கத்தியைச் சரியாகத் திறப்பதும் கடினம், திறந்தாலும் பறிபோகலாம். அந்தப் பணத்தில் ஒரு நல்ல கைவிளக்கும், ஊசியை இழுத்தால் அலறும் சின்ன அலாரமும் வாங்குங்கள். அலாரத்தைப் பைக்குள் போடாமல் பட்டையில் மாட்டுங்கள். வெளிச்சமான வழியில், ஆள் நடமாட்டம் உள்ள காப்பிக்கடைப் பக்கமாக வாருங்கள். யாராவது பின்தொடர்வதுபோல் தோன்றினால் அங்கேயே நின்று 999-இல் போலீசை அழையுங்கள்.

அப்படியானால் நான் வேலைக்குக் கத்தி கொண்டுபோவதும் குற்றமா? (யீஷூன் வாசகர்)

வேலைக்கு வேண்டிய கருவி வேலைக்குப் போவதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் வேலையிடத்து லாக்கரிலேயே விட்டுவிட்டு வருவது நிம்மதி. எடுத்துவரத்தான் வேண்டும் என்றால் மடக்கி, மற்றக் கருவிகளோடு பெட்டிக்குள் வையுங்கள். வேலை முடிந்து காப்பிக்கடைக்கோ திருவிழாவுக்கோ போகும்போது அது இடுப்பில் தொங்கக்கூடாது.

பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்தியை இணையத்தில் வாங்கலாமா?

கூடாது. அந்த வகை இங்கே தடைசெய்யப்பட்டது.

நல்ல விலை கொடுத்து டி2 என்ற எஃகில் செய்த மடக்குக்கத்தி வாங்கினேன். ஆறே மாதத்தில் புள்ளிப் புள்ளியாகத் துரு. போலியா?

போலியாக இருக்க வேண்டியதில்லை. டி2-வில் குரோமியம் சுமார் 12 விழுக்காடு. அதில் பெரும்பகுதி கரியோடு சேர்ந்து கட்டிப்போவதால் துருவைத் தடுக்க மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். நம் ஊர் ஈரக்காற்றுக்கு அது போதாது, வியர்வை பட்டால் கேட்கவே வேண்டாம். ஸ்பைடர்கோ எண்டுரா கத்தியில் வரும் விஜி-10, பக் 110-இல் வரும் 420எச்சி ஆகிய இரண்டு எஃகும் இதைவிடத் தாக்குப்பிடிக்கும். கடலோரம் வேலை என்றால் நைட்ரஜன் கலந்த எல்சி200என் பாருங்கள்.

உங்கள் கத்தியைத் தூக்கிப் போட வேண்டாம். புள்ளிகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, உலரத் துடைத்து, ஒரு சொட்டு மினரல் ஆயில் விடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாக ஆகப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். தோல் உறைக்குள்ளும் வைக்காதீர்கள், தோல் ஈரத்தை விடாது.

அப்பா வைத்திருந்த மரப்பிடி ஓப்பினெல் மடக்குக்கத்தி இப்போது திறக்கவே மாட்டேன் என்கிறது. நகம் உடைந்ததுதான் மிச்சம்.

மரம் ஈரத்தில் ஊறிப் பிளேடை இறுக்கிக்கொண்டிருக்கிறது. நகத்தை விடுங்கள். கழுத்தில் இருக்கும் வளையத்தைத் திருப்பித் திறப்பு நிலையில் வையுங்கள். 1955-இல் அந்த நிறுவனம் சேர்த்த பூட்டு அது. அப்பா காலத்தது அதற்கும் முந்தியதாக இருந்தால் வளையம் இருக்காது. பிறகு மடக்கிய கத்தியைப் பக்கவாட்டில் பிடித்து, பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். பிளேடின் நுனி தானாக எட்டிப் பார்க்கும். முதுகைப் பிடித்து மெதுவாக இழுத்தால் வந்துவிடும். திறந்த நிலையிலேயே மின்விசிறிக் காற்றில் சில நாள் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் மரம் வெடித்துவிடும்.