பந்திக்குப் பந்தி மாறும் ருசி

அன்புள்ள ஐயா,

அப்பா அம்மாவின் 40-ஆவது திருமண நாளுக்கு அவர்களை ஒரு வாரக் கப்பல் பயணத்துக்கு அழைத்துப்போக நினைக்கிறேன். மூவருக்கும் இதுதான் முதல் தடவை. ஒரு கப்பலை ஏறக்குறைய முடிவு செய்துவிட்டு, அதில் போய்வந்தவர்கள் எழுதியதைப் படிக்க ஆரம்பித்தேன். அதுதான் நான் செய்த தப்பு. ஒருவர் “ஏழு நாளும் ஆஸ்பத்திரிச் சாப்பாடு” என்கிறார். அதே வாரம் அதே கப்பலில் போன இன்னொருவர் “சாப்பாட்டுக்காகவே மறுபடி போவேன்” என்கிறார். உபசரிப்பும் அப்படித்தான். ஒருவரைத் தாங்கியிருக்கிறார்கள், இன்னொருவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருநூறு பேர் எழுதியதைப் படித்த பிறகு குழப்பம்தான் மிச்சம். யாரோ பொய் சொல்கிறார்களா? யாரை நம்புவது?

க.

அன்புள்ள க.,

இரண்டு பேருமே உண்மையைச் சொல்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஒரே கப்பலில் போனார்கள், சரி. ஒரே இடத்தில் சாப்பிட்டார்களா?

2024-இல் ஓட ஆரம்பித்த ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் அறைக்கு இரண்டு பேர் என்று கணக்கிட்டாலே 5,610 பயணிகள். ஊழியர்கள் 2,350 பேர். சாப்பிட இருபதுக்கும் மேற்பட்ட இடங்கள். எல்லாக் கப்பலும் இவ்வளவு பெரிதல்ல, ஆனால் ஏற்பாடு பெரும்பாலும் இதே மாதிரிதான். எடுத்துப் போட்டுச் சாப்பிடும் பஃபே ஒன்று. உட்காரவைத்துப் பரிமாறும் பெரிய உணவுக்கூடம் ஒன்று. இவை இரண்டும் டிக்கெட்டிலேயே சேர்த்தி. தனியாகப் பணம் கட்டிப் போகும் சின்ன உணவகங்கள் சில. இந்த மூன்றையும் சேர்த்து “கப்பல் சாப்பாடு” என்று ஒரே பெயரில் எழுதிவிடுகிறார்கள். எங்கே சாப்பிட்டேன் என்று சொல்லாதவரின் தீர்ப்பை, அது பாராட்டாக இருந்தாலும், நான் ஒதுக்கிவைத்துவிடுவேன்.

அடுத்தது எப்போது, எந்த மேஜையில் என்பது. பெரிய உணவுக்கூடத்தில் ஒரே வேளைக்கு ஆயிரம் பேருக்கு மேல் உட்காருவது சாதாரணம். பெரும்பாலான கப்பல்களில் மாலை ஆறு மணியை ஒட்டி முதல் பந்தி, எட்டு எட்டரைக்கு இரண்டாம் பந்தி. தட்டுகளை மூடி போட்டு, ஒரு பெரிய தட்டத்தில் அடுக்கி, தோளில் சுமந்துகொண்டு சர்வர் சமையல்கூடத்திலிருந்து நடந்து வரவேண்டும். நெருப்புக்குக் கப்பல் ரொம்பவே பயப்படும் என்பதால் சமையல் மின்சார அடுப்பிலும் நீராவியிலும்தான். வீட்டு அடுப்பிலிருந்து நேராகத் தட்டுக்கு வருவது போன்ற சூட்டை அங்கே எதிர்பார்க்க முடியாது.

இதை நான் அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன்பு நானும் மனைவியும் போன கப்பலில் (பெயர் வேண்டாம்) முதல் மூன்று இரவும் சூப் ஆறிப்போய்த்தான் வந்தது. எங்கள் மேஜை கூடத்தின் கடைசி மூலையில். மூன்றாம் இரவு அறைக்குத் திரும்பியதும் இதைப் பற்றி எழுதியே தீருவது என்று நோட்டை எடுத்தேன். மனைவி, “எழுதுறதுக்கு முன்னாடி மேஜையை மாத்திக் கேளுங்க” என்றாள். கேட்டேன். மறுநாள் சமையல்கூட வாசலுக்குப் பக்கத்திலேயே ஒரு மேஜை கொடுத்தார்கள். சூப் நாக்கைச் சுட்டது. அன்று எழுதியிருந்தால் என் வரியையும் நீங்கள் படித்து, “சூப் ஆறியிருக்குமாம்” என்று கவலைப்பட்டிருப்பீர்கள்.

கதை அதோடு முடியவில்லை. கடைசி இரவு எங்கள் சர்வர் மெதுவாகக் குனிந்து, பயணம் முடிந்ததும் கருத்துப் படிவம் வரும், பத்துக்குப் பத்து போட்டால்தான் எங்கள் கணக்கில் நல்லது, ஒன்பது போட்டால் குறை என்று எடுத்துக்கொள்வார்கள் என்றார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிக் குறைப்பது? சூப்பையும் சேர்த்துப் பத்து போட்டுவிட்டு வந்தேன். அதனால் சராசரி மதிப்பெண் என்று எதைக் காட்டினாலும் எனக்கு என் பத்துதான் ஞாபகம் வருகிறது.

உபசரிப்பைப் பற்றிய சண்டையில் பாதி, நீங்கள் பதிவு செய்யும்போது தேர்ந்தெடுக்கும் ஒரு விஷயத்தில் இருக்கிறது. தினமும் ஒரே நேரம், ஒரே மேஜை, ஒரே சர்வர் என்பது ஒரு வகை. தோன்றும்போது வந்து சாப்பிடலாம் என்பது இன்னொரு வகை. முதல் வகையில் மூன்றாம் நாளே அம்மாவுக்கு வெந்நீர்தான் வேண்டும் என்பது சர்வருக்குத் தெரிந்துவிடும், நீங்கள் உட்காரும் முன்பே டம்ளர் இருக்கும். இரண்டாம் வகையில் தினமும் புது முகம், ஏழு நாளும் வெந்நீர் கேட்டு வாங்கவேண்டும். முதலாமவர் “தாங்கினார்கள்” என்று எழுதுவார், இரண்டாமவர் “கண்டுகொள்ளவில்லை” என்று எழுதுவார். சர்வர்கள் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் உழைத்திருப்பார்கள்.

உழைப்பு என்றதும் ஒன்று. 2006-ஆம் வருடக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஓய்வு நேரத்தை வைத்துக் கணக்கிடும் கப்பலில் ஊழியருக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு வேண்டும். அதையும் இரண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம், ஒரு பகுதி ஆறு மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. பல மாத ஒப்பந்தத்தில், வாரம் முழுக்க இப்படி வேலை செய்பவர் ஏதோ ஓர் இரவு சிரிக்க மறந்ததை வைத்து “அலட்சியம்” என்று எழுதுவது எனக்கு உவப்பில்லை. ஒப்பந்தம் முடிந்தால் அவர் ஊருக்குப் போய்விடுவார், சமையல் தலைவரும் மாறிவிடுவார். அதனால் ஒன்றிரண்டு வருடப் பழைய பாராட்டையும் திட்டையும் நான் கப்பலின் பெயரில் எழுதிக்கொள்வதில்லை.

யார் எழுதுகிறார் என்றும் பாருங்கள். இருபதாவது தடவை போகிறவர் தன் முதல் பயணத்தோடு ஒப்பிடுகிறார். அன்று இலவசமாக இருந்ததற்கு இன்று காசு கேட்கிறார்கள், பரிமாறும் அளவு குறைந்துவிட்டது என்பார். அது பொய்யில்லை. ஆனால் அவர் இழந்ததை உங்கள் அப்பா அம்மா பார்த்ததே இல்லையே. அவர்களுக்கு அந்தத் துக்கம் எதற்கு? இன்னும் சிலர் சேவை மோசம் என்று நாலு பத்தி எழுதுவார்கள். நிதானமாகப் படித்தால், தினப்படி டிப்ஸைத் தானாகவே பில்லில் சேர்த்துவிட்டார்கள் என்ற கோபம் ஐந்தாவது பத்தியில் வரும்.

இதில் இறங்கும் நாளின் கூத்து வேறு. டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் சகாக்களும் 1993-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், 60 நொடி குளிர்ந்த நீரில் கை வைத்தவர்களே, இன்னொரு முறை அதே 60 நொடியோடு, லேசாகக் குளிர் குறைந்த 30 நொடியும் சேர்த்து வைத்தார்கள். எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். முடிவு கொஞ்சம் இதமாக இருந்தால் போதும், மொத்தமும் அப்படி நினைவில் தங்கிவிடுகிறது. கப்பலை விட்டு இறங்கும் காலை அதற்கு நேர் எதிர். பெட்டி, வரிசை, அவசர அவசரமாகக் காலை உணவு. அந்த எரிச்சலோடு கைப்பேசியை எடுப்பவரிடம் ஏழு இரவுச் சாப்பாட்டுக்கு என்ன நியாயம் கிடைக்கும்?

“சாப்பிட்டு வயிறு கெட்டது” என்பதை மட்டும் தனியாக வையுங்கள். அதை ஒருவர் வாய்ச்சொல்லில் எடைபோட வேண்டியதில்லை. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகள் கப்பல்களை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் முன்னறிவிப்பில்லாமல் சோதித்து நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறது. 85-உம் அதற்குக் கீழும் என்றால் தேறவில்லை. முடிவுகள் எல்லோரும் பார்க்கும்படி வெளியாகின்றன. அது சுத்தத்துக்கான மார்க், ருசிக்கானது அல்ல. பயணிகளில் அல்லது ஊழியர்களில் 3 சதவீதமோ அதற்கு மேலோ வயிற்றுக் கோளாறு என்று சொன்னால் அதையும் அறிவிப்பார்கள். கப்பலில் அதிகம் பரவும் நோரோவைரஸ் கைப்பிடி, கைகுலுக்கல் வழியாகவும் வரும். பாவம், பழி சாப்பாட்டின் மேல்தான் விழும்.

பிறகு எதைத்தான் நம்புவது என்கிறீர்கள். “மட்டம்”, “அருமை” இரண்டையும் தாண்டிப் போய்விடுங்கள். “எட்டு மணிக்கு மேல் பஃபேயில் ஒரு வரிசைதான் திறந்திருந்தது”, “உப்பில்லாமல் வேண்டும் என்று முதல் நாளே சொன்னோம், மறுநாள் இரவு மெனுவை முன்கூட்டியே கொண்டுவந்து காட்டினார்கள்” மாதிரி வரிகளில் நில்லுங்கள். எழுதியவர் கோபத்தில் இருந்தாலும் மகிழ்ச்சியில் இருந்தாலும் அந்த வரி மாறாது. அது உங்களுக்கு நல்லதா கெட்டதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். ஒரு வரிசைதான் திறந்திருந்தது என்று ஒருவர் பொங்கியிருப்பார், ஏழு மணிக்கே சாப்பிட்டுப் படுக்கிறவருக்கு அதனால் என்ன?

இருநூறு பேர் எழுதியதைப் படித்திருக்கிறீர்கள். ஆனால் அப்பா ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. முதல் பந்தி பல கப்பல்களில் சீக்கிரம் நிரம்பிவிடும், அப்புறம் காத்திருப்போர் பட்டியல்தான். இன்றைக்கே அம்மாவிடம் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்.